உவர்மலைக்கும் கிண்ணியாவுக்கும் நடுவே மூன்று பைட்

கிண்ணியாவில் என் நண்பனின் நானா, அதாவது அண்ணன், மீன் வியாபாரி. விடியற்காலையில் வாடியில் என்ன மீன் எத்தனை கிலோ இறங்கியது, என்ன விலைக்குப் போனது என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்பார். பிறகு திருகோணமலை நகரத்துக் கடைக்காரர்கள் மூன்று பேருக்குத் தொலைபேசியில் அதையே மூன்று தடவை ஒப்புவிப்பார். "ஒரு தடவை எழுதினால் எல்லோருக்கும் போகிற மாதிரிச் செய்ய ஏலாதா தம்பி?" என்று ஒரு நாள் கேட்டார்.

ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிக் கொடுத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்திருக்கும். அந்தப் புத்தி எனக்கோ நண்பனுக்கோ இருந்திருந்தால் இந்தப் பதிவுக்கு இடமில்லை. நடுவில் யாருடைய சர்வரும் இல்லாமல், அவர் வீட்டுப் பெட்டியும் என் வீட்டுப் பெட்டியும் நேரடியாகக் கதைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தோம். ராஸ்பெரி பை என்ற உள்ளங்கையளவுக் கணினிகள் இரண்டு வாங்கினோம். ஒன்று திருகோணமலை உவர்மலையில் என் மேசையில். மற்றது, எல்லாம் சரிவந்தபின், கிண்ணியாவில் நானாவின் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில்.

என் பக்கத்தில், கணினிகள் ஒன்றோடொன்று நேரடியாகக் கதைக்க உதவும் லிப்பிடுபி என்ற நிரல் நூலகத்தின், 'கோ' (Go) என்ற நிரல் மொழிப் பதிப்பு. ஐபிஎஃப்எஸ் என்ற கோப்புப் பகிர்வுத் திட்டத்துக்காக எழுதப்பட்டு, பின்னர் வலையமைப்புப் பகுதி மட்டும் தனியே பிரிந்து வளர்ந்த நூலகம் அது. நண்பனின் பக்கத்துக்கும் அதையே போட்டிருக்கலாம். போடவில்லை. உயர்தர வகுப்பு மாணவர்கள் சிலருக்கு நான் தகவல் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்கிறேன். ஒரு இணைப்பு எப்படிப் பிறக்கிறது என்பதை அவர்களுக்குப் பைட் பைட்டாகக் காட்ட ஆசை. ஆகவே கிண்ணியாப் பெட்டிக்கான நிரலை பைத்தன் என்ற நிரல் மொழியில் கையாலேயே எழுதத் தொடங்கினேன். மறைகுறியாக்கக் கணக்குகளுக்கு மட்டும் ஆயத்த நூலகம். கணக்குகள் எந்தக் கரைச்சலும் தரவில்லை. கரைச்சல் தந்தது எல்லாம் அதற்கு முன்னால் நடக்கிற, குழந்தைப்பிள்ளைக்கும் விளங்கக்கூடிய ஒரு பேச்சு.

திருகோணமலைக் கடைத்தெருவில் வளர்ந்தவர்களுக்கு அந்தப் பேச்சை விளங்கப்படுத்தத் தேவையில்லை. கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் சிங்களத்தில் ஒரு சொல் விடுவார். நாம் தமிழில் திருப்பினால் அவரும் தமிழுக்கு வந்துவிடுவார். வராவிட்டால் நாம் போவோம். எந்த மொழி என்பது இரண்டு சொல்லில் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் அரிசி விலை. இரண்டு கணினிகள் முதன்முதலில் சந்திக்கும்போதும் அதே நிலைமைதான். எந்த மறைகுறியாக்கம், எந்த முறையில் ஒரே இணைப்பைப் பல ஓடைகளாகப் பிரிப்பது, இந்த ஓடையில் எதைப் பற்றிக் கதைப்பது என்று எதுவும் முன்கூட்டி முடிவாகியிருப்பதில்லை. லிப்பிடுபியில் இதைத் தீர்த்து வைக்கும் சிறிய நெறிமுறைக்கு மல்டிஸ்ட்ரீம் செலக்ட் என்று பெயர்.

டிசிபி என்ற அடிப்படை இணைய இணைப்பு கிடைத்ததும் இரு பக்கமும் அந்தப் பெயரையும் பதிப்பையும் சொல்லிக்கொள்கின்றன. பிறகு அழைத்தவர் ஒரு நெறிமுறையின் பெயரை முன்வைக்கிறார். மற்றவருக்கு அது தெரிந்தால் அதே பெயரை அப்படியே திருப்பிச் சொல்கிறார். தெரியாவிட்டால் 'என்.ஏ.' என்று இரண்டெழுத்தில் மறுக்கிறார். அழைத்தவர் அடுத்த பெயரைச் சொல்லிப் பார்க்கிறார். அவ்வளவுதான். பேரம் என்று சொல்கிறார்கள், விலை குறைக்க இதில் ஒன்றும் கிடையாது. இதே சடங்கு முதலில் மறைகுறியாக்கத்துக்கு, பிறகு ஓடை பிரிப்பதற்கு, அதன்பின் திறக்கிற ஒவ்வோர் ஓடைக்கும் என்று திரும்பத் திரும்ப நடக்கிறது.

ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் அதன் நீளம் வரும். முடிவில் ஒரு வரிமுறிப்பு வரும். முதல் நாள் என் நிரல் அனுப்பியதைப் பதின்ம எண்களாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன், மாணவர்களுக்காக:

19 47 109 117 108 116 105 115 116 114 101 97 109 47 49 46 48 46 48 10

47 என்பது சாய்கோடு. மல்டிஸ்ட்ரீம் என்ற சொல் ஆங்கிலத்தில் 11 எழுத்து, இரு பக்கமும் சாய்கோடு, பதிப்பெண்ணுக்கு 5, கடைசியில் வரிமுறிப்பாகிய 10. கூட்டினால் 19. அதுதான் முன்னால் நிற்கும் எண். சுவரில் இருப்பது திருத்திய பிரதி. நான் முதலில் அனுப்பியது 18. வரிமுறிப்பை எண்ண மறந்துவிட்டேன். மறுபக்கம் 18 பைட் வாசித்து, கடைசியில் வரிமுறிப்பு இல்லையே என்று தொடர்பை அறுத்தது. பத்து நிமிடத்தில் பிடித்துவிட்டேன். இந்த வேகத்தில் போனால் ஞாயிற்றுக்கிழமைக்குள் முடித்துவிடலாம் என்று நண்பனுக்குச் செய்தி அனுப்பினேன். எந்த ஞாயிறு என்று சொல்லாதது நல்லதாகப் போயிற்று.

19 என்ற எண்ணைப் பார்த்ததும் நண்பன் ஒன்று சொன்னான். அவன் ஒரு காலத்தில் டொரண்ட் மென்பொருள்களைக் குடைந்தவன். 2001 இல் பிராம் கோஹன் வெளியிட்ட பிட்டொரண்டின் கைகுலுக்கலும் 19 என்ற பைட்டில்தான் தொடங்குகிறது. 'பிட்டொரண்ட் புரோட்டோகால்' என்பது ஆங்கிலத்தில் இடைவெளியோடு சேர்த்து 19 எழுத்து. தற்செயல்தான். ஆனால் முதல் பைட்டை மட்டும் பார்த்து ஆளை அடையாளம் காண முடியாது என்பதற்கு நல்ல உதாரணம். அங்கே பெயர் சொல்லிக் கேட்கிற பழக்கமே இல்லை. 68 பைட் கொண்ட ஒரே கைகுலுக்கல். நடுவில் 8 பைட் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள், அதில் எந்தெந்த பிட் ஏற்றப்பட்டிருக்கிறதோ அந்தந்த வசதி உண்டு என்று பொருள். சுருக்கமான முறை. ஆனால் எந்த பிட் யாருக்கு என்று எல்லோரும் ஒரு பட்டியலை ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். பெயர் சொல்லிக் கேட்கிற முறையில் எனக்குப் பிடித்த பெயரை நானே வைத்துக்கொள்ளலாம். அந்தச் சுதந்திரம் பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்பதைச் சொல்கிறேன்.

முதல் பெரிய தலையிடி இப்படி வந்தது. பைத்தன் பெட்டி கோ பெட்டியை அழைத்தால் எல்லாம் ஒழுங்காக நடந்தது. கோ பெட்டி பைத்தன் பெட்டியை அழைத்தால் இரண்டும் ஊமையாகிவிட்டன. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. சிறிது நேரத்தில் இணைப்பு தானாக அறுந்தது. இரண்டும் ஒரே மேசையில், ஒரு சாண் இடைவெளியில். கச்சான் காற்று அடிக்கிற மாதம். அறை அடுப்பு மாதிரிக் கொதித்தது. சூடேறித்தான் பெட்டி மந்தமாகிறதோ என்று மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்துவிட்டு நான் வியர்த்துக்கொண்டிருந்தேன். விசிறியால் பயனில்லை.

கடைசியில், வலையமைப்பில் போகிற பொதிகளை அப்படியே காட்டும் டிசிபிடம்ப் போட்டுப் பார்த்தேன். கோ பெட்டி அனுப்பிய முதல் பொதியில் 28 பைட் இருந்தது. மல்டிஸ்ட்ரீம் வாழ்த்துக்கு நீளத்தோடு சேர்த்து 20. அதோடு ஒட்டியபடியே இன்னும் 8: 7 47 110 111 105 115 101 10. சாய்கோடு, நாய்ஸ் (மறைகுறியாக்க முறையின் பெயர்), வரிமுறிப்பு. வாழ்த்தையும் முதல் வேண்டுகோளையும் கோ நூலகம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறது. காத்திருந்து காத்திருந்து சொன்னால் ஒரு சுற்றுப்பயண நேரம், அதாவது செய்தி போய்ப் பதில் திரும்புகிற நேரம், வீணாகும் என்பதால் அப்படி. என் பைத்தன் நிரலோ வந்ததை எல்லாம் ஒரே அள்ளாக அள்ளி, முதல் சொல்லைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, "அடுத்து என்ன சொல்கிறாய்?" என்று காத்திருந்தது. மறுபக்கம் "கேட்டுவிட்டேனே, பதிலைச் சொல்" என்று காத்திருந்தது. நான் அழைத்தபோது சிக்கல் வராததற்குக் காரணம், என் நிரல் ஒவ்வொன்றாக மட்டுமே கதைத்ததுதான்.

டிசிபி என்பது பொதிகளின் வரிசை அல்ல, பைட்டுகளின் ஓட்டம் என்று மாணவர்களுக்கு நானே பலமுறை கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். எழுதிய கை வேறு, நிரல் எழுதிய கை வேறு போலிருக்கிறது.

திருத்தம் சுலபம். நீளத்தை ஒவ்வொரு பைட்டாக வாசி. பிறகு அந்த நீளத்தை மட்டும் வாசி. அதற்கு மேல் ஒரு பைட்டும் தொடாதே. கோ நூலகத்தின் மூலநிரலைத் திறந்து பார்த்தபோது அங்கேயும் நீளத்தை ஒரு பைட், ஒரு பைட்டாகத்தான் வாசிக்கிறார்கள். மெதுவான வேலை போலத் தெரிகிறது. பேச்சு முடிந்து அடுத்த கட்டத்துக்குக் கைமாறும்போது அந்தக் கஞ்சத்தனத்தின் அருமை தெரியும்.

அது எனக்கு நான்கு நாள் கழித்துத் தெரிந்தது. நாய்ஸ் கைகுலுக்கல் முடிந்து, யாமக்ஸ் என்ற முறை ஓடைகளைப் பிரித்து, பிங் ஓடை திறக்கிற கட்டம். பிங் என்பது 32 பைட்டை அனுப்பி அதையே திரும்பப் பெறுவது. அதிலும் எளிமையான நெறிமுறை இருக்க முடியாது. அது தொங்கியது. ஓடைக்குள் வந்த தரவை எண்ணினேன்: 70 பைட். வாழ்த்துக்கு 20, பிங் நெறிமுறையின் பெயருக்கு 18, மிச்சம் 32. மறுபக்கம் என் பிங்கைத் தெரிந்துவைத்திருக்கிறது. ஆகவே சம்மதத்துக்குக் காத்திராமல் தரவையும் சேர்த்தே அனுப்பிவிட்டது. அதே பிழையை நான் இரண்டாம் தடவை செய்திருந்தேன். இணைப்பு மட்டத்தில் திருத்தியவன் ஓடை மட்டத்தில் பழைய வாசிப்பானையே விட்டு வைத்திருந்தேன். இப்போது இரண்டுக்கும் ஒரே பஃபர், வந்த பைட்டுகள் காத்திருக்கிற இடம். யார் வாசித்தாலும் அதிலிருந்துதான், வேண்டிய அளவு மட்டும்தான்.

இதற்கு நடுவில் வேறொரு கூத்து. ஒரே வைஃபையில் இருக்கும் பெட்டிகள் எம்டிஎன்எஸ் வழியாக ஒன்றையொன்று தாமாகக் கண்டுபிடிக்கும். கண்டதும் இரண்டும் ஒரே நேரத்தில் அழைத்தன. இரண்டு இணைப்புகள் உண்டாயின. ஒன்று மிகுதிதானே, மூடிவிடு என்று எழுதியிருந்தேன். இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றை மூடின. மிஞ்சியது பூச்சியம். மறுபடி அழைப்பு, மறுபடி மூடல். விளக்குகள் மின்னி மின்னி அழகாகத்தான் இருந்தது. அடையாள எண் சிறியதாக உள்ளவர் தொடுத்த இணைப்பே நிற்கும் என்று விதி வைத்ததும் அடங்கியது.

அதைவிட விசித்திரமான ஒன்றை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்த்தேன். இரு பக்கமும் கேட்கிற போர்ட்டிலிருந்தே அழைக்கும்படி செய்து, லினக்ஸில் அரை வினாடித் தாமதத்தைச் செயற்கையாகப் புகுத்தினால், இரண்டு அழைப்பும் நடுவழியில் சந்தித்து ஒரே இணைப்பாகிவிடும். இப்போது இருவருமே அழைத்தவர். கேட்பவர் யாரும் இல்லை. இருவரும் வாழ்த்துச் சொல்கிறார்கள். இருவரும் நாய்ஸ் என்கிறார்கள். மற்றவர் முன்வைத்த பெயரைத் தன் வேண்டுகோளுக்கான சம்மதம் என்று இருவரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால் வேண்டுகோளும் சம்மதமும் பைட்டுக்குப் பைட் ஒன்றே. பிறகு இருவரும் கைகுலுக்கலின் முதல் படியாகிய 32 பைட் சாவியை அனுப்பிவிட்டு இரண்டாம் படிக்குக் காத்திருக்கிறார்கள். வருவது இன்னொரு முதல் படி. கைகுலுக்கல் முறிகிறது.

சந்தையில் இது எனக்கு நடந்திருக்கிறது. ஒரு கடையில் நானும் கடைக்காரரும் ஐந்து நிமிடம் சிங்களத்தில் விலை பேசி, மிச்சக் காசை எண்ணும்போது அவர் "ஒன்று, இரண்டு" என்று வாய்க்குள் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் இருவரும் தமிழர் என்று தெரிந்தது. எண்ணும்போது மட்டும் மனிதன் பொய் சொல்வதில்லை. கணினிகளுக்கு அந்த வாய்ப்பில்லாததால் இதற்கென்று ஒரு நீட்சியே எழுதியிருக்கிறார்கள்: இருவரும் ஆளுக்கொரு தற்செயல் எண்ணைச் சொல்ல வேண்டும், பெரிய எண் சொன்னவர் அழைத்தவர். என் திட்டத்துக்கு அது தேவைப்படவில்லை. கிண்ணியாப் பெட்டி 4ஜி டொங்கிளுக்குப் பின்னால் இருப்பதால் வெளியிலிருந்து யாரும் அதை அழைக்க முடியாது. அழைப்பது எப்போதும் அதுதான்.

இன்னொன்றையும் வெட்கத்தோடு சொல்ல வேண்டும். பிழை தேடும் வசதிக்காக மறைகுறியாக்கம் இல்லாத வெற்றுரை முறையையும் பைத்தன் நிரலின் பட்டியலில் கடைசியாகச் சேர்த்திருந்தேன். இரு பக்கமும் பைத்தன் நிரலையே ஓட்டிய ஒரு சோதனையில், ஒரு பக்கத்து நாய்ஸ் நூலகம் நிறுவப்படாமல் கிடந்தது. நாய்ஸ் என்றது ஒன்று, என்.ஏ. என்றது மற்றது, வெற்றுரை என்றது முதலாவது, சரி என்றது இரண்டாவது. எந்த எச்சரிக்கையும் இல்லை. இணைப்பு அருமையாக வேலை செய்தது, 'பாரை 14 கிலோ' என்று டிசிபிடம்பில் எழுத்துக் கூட்டி வாசிக்கும் அளவுக்கு. முதல் பேச்சு திறந்த வெளியில் நடப்பதால், நடுவில் இருக்கிற ஒருவன் நாய்ஸ் என்ற சொல்லுக்குத் தானே என்.ஏ. என்று பதில் போட்டாலும் இதே கதிதான். இரண்டு முறைகளை வைத்திருப்பவன் அவற்றில் மோசமானதையே வைத்திருக்கிறான் என்று எடுத்துக்கொண்டு அந்த வரியை அழித்தேன்.

இனி அந்த மூன்று பைட்.

எங்கள் விலைப்பட்டியலுக்குச் சொந்த நெறிமுறை வேண்டும். அதற்கு ஒரு பெயர் வேண்டும். ஆங்கிலத்தில்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. "ஊர்ப் பெயரையே வை மச்சான்" என்றான் நண்பன். /திருகோணமலை/1.0.0 என்று வைத்தேன். உடனே உடைந்தது. காரணம் என் பைத்தன் அறியாமை. பைத்தனிடம் ஒரு சரத்தின் நீளத்தைக் கேட்டால் யூனிகோட் குறிகளை எண்ணிச் சொல்கிறது. கோ மொழியில் கேட்டால் பைட்டுகளை எண்ணிச் சொல்கிறது. 'திருகோணமலை' பத்துக் குறி (தி என்பது த, இகரக் குறி என்று இரண்டு). குறிகளைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் என்பதால் 30 பைட். சாய்கோடுகளும் பதிப்பும் வரிமுறிப்பும் சேர்ந்து 38. நான் முன்னால் போட்ட நீளமோ 18. கோ பெட்டி 18 பைட் வாசித்து வரிமுறிப்பைத் தேடியது. வெட்டு எங்கே விழுந்தது என்று எண்ணிப் பார்த்தேன்: கோ என்ற எழுத்தின் ஓகாரக் குறிக்கு நடுவே. 224, 175 இந்தப் பக்கம். 139 அந்தப் பக்கம். சரத்தை முதலில் பைட்டுகளாக்கி, பிறகு நீளம் எண்ணும்படி மாற்றியதும் சரிவந்தது. அந்த ஓகாரத்தை அன்றே நான் உற்றுப் பார்த்திருக்க வேண்டும்.

மேசையில் எல்லாம் ஓடியது. ஒரு சனிக்கிழமை பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு சீனன்குடா, வெள்ளைமணல் வழியாகக் கிண்ணியாவுக்கு பஸ் ஏறினேன். 2009 இல் பாலம் திறக்கும்வரை அந்த இடத்தில் பாதையில்தான் கடக்க வேண்டும். 'பாதை' என்பது எங்கள் பக்கத்தில் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு நீரைக் கடக்கும் மிதவைக்குப் பெயர். இப்போது பாலத்தில் ஏறி இறங்குவதற்குள் ஒரு தொலைபேசி அழைப்பைக்கூட முடிக்க முடியாது. நானா வீட்டில் பெட்டியை வைத்து, 4ஜி டொங்கிளைச் செருகி, உம்மா கொடுத்த பிளேன்டீயையும் குடித்துவிட்டு, அமைப்புக் கோப்பில் முகவரிகளைப் போடுவதை நண்பனிடம் விட்டுவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பினேன்.

இரவு அவனிடமிருந்து அழைப்பு. "மச்சான், எல்லாம் இணைகிறது, பட்டியல் மட்டும் போகவில்லை."

என் பக்கத்துப் பதிவுகளைப் பார்த்தேன். நாய்ஸ் சரி. யாமக்ஸ் சரி. பிங் 80 மில்லி வினாடிக்குக் கிட்டத்தட்ட, 4ஜிக்கு மோசமில்லை. எங்கள் நெறிமுறையைக் கேட்கும் இடத்தில் மட்டும் என் பெட்டி தெளிவாக மறுத்திருந்தது: 3 110 97 10. என்.ஏ.

"பெயரை எப்படி எழுதியிருக்கிறாய்?"

"நீ எழுதியபடிதான். தி, ரு, கோ, ண, ம, லை. சாய்கோடு. ஒன்று புள்ளி பூச்சியம் புள்ளி பூச்சியம்."

நானும் என் திரையைப் பார்த்து வாசித்தேன். தி, ரு, கோ, ண, ம, லை. முடிவில் இடைவெளி ஏதும் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை. திரையைப் படமெடுத்து அனுப்பினான். என் திரைக்கும் அதற்கும் ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை. நெறிமுறைப் பெயரை என் பக்கத்தில் பதிவு செய்யும் வரியைச் சந்தேகித்தேன். கோ நூலகத்தைச் சந்தேகித்தேன். பதிப்பு ஒப்பிடும் முறையைச் சந்தேகித்தேன். உப்புக்காற்றில் பச்சை பிடித்த செருகியைக்கூடக் கழற்றித் துடைத்தேன். மறைகுறியாக்கம் தாண்டி வந்த செய்தியை துரு எப்படி மாற்றும் என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நள்ளிரவு தாண்டியிருந்தது.

சுவரில் ஒட்டிய தாள் கண்ணில் பட்டது. பெயரைப் பார்க்காதே, எண்ணைப் பார். ஓடைக்குள் வந்த பைட்டுகளைப் பதின்மத்தில் அச்சடித்தேன். வாழ்த்துக்கு அடுத்து, நீளம் நிற்க வேண்டிய இடத்தில், 41.

38 வர வேண்டும். மூன்று அதிகம். மூன்று பைட் என்றால் ஒரு தமிழ்க் குறி. கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி. இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன். என்னுடையது:

224 174 149 224 175 139

அவனுடையது:

224 174 149 224 175 135 224 174 190

முதல் மூன்றும் க. என்னுடையதில் அடுத்து வருவது ஓகாரக் குறி, ஒரே துண்டாக. அவனுடையதில் ஏகாரத்தின் கொம்பு ஒரு குறி, காலாகிய ஆகாரக் குறி இன்னொன்று. க, கொம்பு, கால்: திரையில் கோ. க, ஓகாரக் குறி: திரையிலும் அதே கோ. எழுத்துரு இரண்டையும் ஒன்றுபோல வரைந்துவிடுகிறது. மல்டிஸ்ட்ரீமுக்குக் கண் கிடையாது; அது பைட்டுகளை மட்டும் ஒப்பிடுகிறது. 41 பைட் கொண்ட ஒரு பெயரைத் தனக்குத் தெரியாது என்று என் பெட்டி சொன்னது முழு உண்மை.

அந்தக் கொம்பும் காலும் எங்கிருந்து வந்தன? காலையில் நண்பனைக் கேட்டேன். பெயரை அவன் தட்டெழுதவே இல்லை. நானாவின் பழைய விலைச்சீட்டு ஒன்று கணினியில் இருந்ததாம், பாமினி எழுத்துருவில் செய்தது. அதை ஒரு மாற்றி வழியாக யூனிகோட்டுக்குக் கொண்டுவந்து, தலைப்பிலிருந்து ஊர்ப் பெயரை வெட்டி ஒட்டியிருக்கிறான். பாமினியில் கோ எழுத மூன்று விசை: கொம்பு, க, கால். யூனிகோட் வருவதற்கு முன் இலங்கையில் தமிழில் தட்டெழுதியவர்களின் விரல்களில் அந்த ஒழுங்கு இன்னும் இருக்கிறது. அந்த மாற்றி கொம்பை க வுக்குப் பின்னால் நகர்த்தியது. கொம்பையும் காலையும் ஒட்டி ஒரே குறியாக்கவில்லை. ஊர்ப் பெயரில் ஓகாரம் இல்லாத மட்டக்களப்பில் நான் பிறந்திருந்தால் இந்த இரவு எனக்கு மிச்சமாகியிருக்கும்.

யூனிகோடில் இதற்கு மருந்து உண்டு. என்எஃப்சி என்ற இயல்பாக்க வடிவத்துக்கு மாற்றினால் பிரிந்து கிடக்கிற கொம்பும் காலும் ஒரே குறியாகச் சேர்ந்துவிடும். பைத்தனில் ஒரு வரி. கோ மொழியில் ஒரு துணை நூலகமும் ஒரு வரியும். எங்கே அந்த வரியைப் போடுவது என்பதில்தான் நானும் நண்பனும் முட்டிக்கொண்டோம். பெயர்களை ஒப்பிடும் இடத்தில், பேச்சின் நடுவிலேயே போட வேண்டும் என்றான் அவன். வருகிறவர் எப்படி எழுதினாலும் நாம் புரிந்துகொள்ளலாமே என்பது அவன் வாதம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நெறிமுறைப் பெயர் என்பது வாசிப்பதற்கான சொல் அல்ல, பூட்டின் பல். அதை விரும்பியபடி வளைக்கத் தொடங்கினால் நான் சொன்னதும் அவன் திருப்பிச் சொன்னதும் ஒன்றாகவே இருக்காது. திருப்பிச் சொல்வதுதான் சம்மதம் என்ற விதி அங்கேயே உடைந்துவிடும். மனிதக் கை எழுத்தைத் தொடுகிற இடம் அமைப்புக் கோப்பு. அதை வாசிக்கிறபோது இயல்பாக்கினால் போதும். வரி அங்கேதான் போயிற்று. அதற்குப் பிறகு கம்பியில் போவதெல்லாம் 38.

அதன்பின் பட்டியல் தடையில்லாமல் வந்தது. மின்வெட்டுக்குப் பிறகு என் ரவுட்டருக்குப் புதிய முகவரி கிடைத்துவிடுகிற தொல்லை இருந்தது. மாறும் முகவரிக்கு நிலையான பெயர் தரும் சேவை ஒன்றைப் போட்டுச் சமாளித்தோம். 4ஜியில் ஒவ்வொரு சுற்றுப்பயணமும் உறைத்ததால், யாமக்ஸுக்கான தனிப் பேச்சை நீக்கிவிட்டு, அந்தத் தெரிவை நாய்ஸ் கைகுலுக்கலுக்குள்ளேயே செருகினேன். புதிய லிப்பிடுபி பதிப்புகளில் அதற்கு வசதி இருக்கிறது. 2014 இல், இணையதளங்களின் மறைகுறியாக்க முறையாகிய டிஎல்எஸ்ஸுக்கு ஏஎல்பிஎன் என்ற நீட்சி கொண்டுவந்த அதே உத்தி: சாவி மாற்றும்போதே அடுத்து என்ன கதைக்கப் போகிறோம் என்பதையும் பேசி முடித்துவிடு. 2021 இல் தரமாக்கப்பட்ட குவிக் என்ற இணைப்பு முறையில் மறைகுறியாக்கமும் ஓடை பிரிப்பும் உள்ளேயே இருப்பதால் இந்தப் பேச்சில் பெரும்பகுதியே கிடையாது. அதற்கு மாறினால் நான் எழுதியதில் பாதி குப்பைக்குப் போகும். மாணவர்களுக்குப் பாடம் முடியும்வரை மாறுவதாக இல்லை.

ஒரு வாரம் நானாவிடமிருந்து முறைப்பாடு எதுவும் இல்லை. எட்டாம் நாள் நகரத்துக் கடைக்காரர் ஒருவர் அவரைத் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். பட்டியலில் வௌவால் மீன் இரண்டு இடத்தில் இருக்கிறதாம், இரண்டு விலையாம்.

திறந்து பார்த்தேன். ஒன்றை நானா தட்டெழுதியிருந்தார். வ வுக்கு ஔகாரக் குறியை ஒழுங்காகப் போட்டு. மற்றதை அவருடைய மகன் தட்டெழுதியிருந்தான். வ வுக்கு எகரக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற முழு எழுத்தை வைத்து. திரையில் வௌவாலும் வெளவாலும் இரட்டைப்பிள்ளைகள். இதை என்எஃப்சி சேர்த்து வைக்காது. ஔகாரத்தின் வலப்பக்கக் குறிக்கு யூனிகோடில் தனி இலக்கம் உண்டு, ளகரம் வேறு எழுத்து. இரண்டு வரிசைக்கும் கீழே மூன்றாவதாக 'வவ்வால்' என்றும் ஒன்று இருந்தது. அது யார் கை என்று இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.

நானாவை அழைத்து, மீன் பெயர்களுக்கு ஒரு நிலையான பட்டியல் செய்து, அதிலிருந்து மட்டும் தெரிவு செய்கிற மாதிரி மாற்றித் தரட்டுமா என்று கேட்டேன்.

"மாற்றுங்கள் தம்பி," என்றார். "மாற்றுகிறவரை, மூன்றில் எதற்கு விலை கூடவோ அதை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்."